உள்ளிந்திரியங்களை ஆராய்கிறவர்



நம் ஆலயத்தில் முப்பது ஆண்டுகளாக மணியடித்து வரும் கோயில்குட்டியார் பதினாறு நாட்கள் மருத்துவமனையில் இருந்ததை நீங்கள் அறிவீர்கள். மூன்று ஞாயிறுகள் அவருக்காகச் சபையாக முழங்காற்படியிட்டோம். என்ன வியாதி என்று பலர் என்னிடம் கேட்டீர்கள். சிலரிடம் இருதயம் என்றேன். சிலரிடம் சிறுநீரகம் என்றேன். இரண்டும் உண்மை. ஆனால் ஒரு காரியத்தை உங்களில் ஒருவரிடமும் நான் சொல்லவில்லை. அவருடைய சம்மதத்தோடும் அவர் மனைவியின் சம்மதத்தோடும் இந்த வாரம் அதை எழுதுகிறேன்.

அசனப் பண்டிகைக்கு முந்தின வாரம் அவர் குருமனைக்கு வந்தார். பெஞ்சுகளை இழுத்துப் போட்டதிலும், அண்டாக்களைத் தூக்கியதிலும் முழங்கால் வீங்கியிருந்தது. "ஐயா, உங்ககிட்ட மூட்டுவலி மாத்திரை இருக்குமே" என்றார். என் மூட்டுக்கு மருத்துவர் எழுதித் தந்த டைக்ளோஃபெனாக் மாத்திரை மேசையில் இருந்தது. பத்து மாத்திரைகள் கொண்ட அட்டையை அப்படியே எடுத்துக் கொடுத்தேன். ஆறு ஆண்டுகளுக்கு முன் அவருக்கு மாரடைப்பு வந்ததும், அதுமுதல் தினமும் காலையில் நீர் பிரிய மாத்திரை சாப்பிடுவதும் எனக்குத் தெரியும். அந்த நேரத்தில் அது என் நினைவின் ஓரத்தில்கூட வரவில்லை. பண்டிகைக்கு ஆள் வேண்டும் என்பதே நினைவில் இருந்தது. கொடுத்துவிட்டு ஒரு சின்ன ஜெபமும் செய்து அனுப்பினேன்.

பண்டிகை சிறப்பாக நடந்தது. மூன்று பந்தி பரிமாறினோம். அவர் காலில் வீக்கம் ஏறியதை யாரும் கவனிக்கவில்லை. அடுத்த வாரம் அவர் படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று ஆலயத்தின் பின்னறை பெஞ்சில் சாய்ந்து உட்கார்ந்தபடியே தூங்கினாராம். ஒரு நாள் பின்னிரவு இரண்டு மணிக்கு அவர் மனைவி தொலைபேசியில் அழைத்தார். 108 வண்டியில் நானும் ஏறிக்கொண்டேன்.

அவசரப் பிரிவில் இருந்த மருத்துவர் வழக்கமான கேள்விகளைக் கேட்டார். சர்க்கரை உண்டா, முன்பு அட்டாக் வந்ததா, என்னென்ன மாத்திரைகள். பிறகு கேட்டார்: "வலி மாத்திரை, நாட்டு மருந்து ஏதாவது எடுத்தாரா?" அம்மா, "அப்படியெல்லாம் ஒண்ணும் இல்ல டாக்டர்" என்றார். அவருக்குத் தெரியாது. அண்ணாச்சியின் முகத்தில் ஆக்சிஜன் முகமூடி, பேச முடியாது. நான் கட்டிலின் கால்மாட்டில் நின்றுகொண்டிருந்தேன். மருத்துவர் அந்தக் கேள்வியைக் கேட்டவுடன் என் வயிற்றில் ஏதோ புரண்டது. எதற்காகக் கேட்கிறார் என்று எனக்கு முழுவதும் விளங்கவில்லை என்றாலும், கேள்வி என்னைக் குறித்தது என்று விளங்கியது. நான் வாய் திறக்கவில்லை.

விடியும் முன் குருமனைக்குத் திரும்பினேன். தூக்கம் வரவில்லை. திருமறையைத் திறந்தால் கண் போய் நின்ற இடம் எனக்குப் பழக்கமான இடம்தான்; பல இறுதி ஆராதனைகளிலும் லெந்து கால தியானங்களிலும் நான் பிரசங்கித்த இடம். கடவுள் இருதயத்தையும் உள்ளிந்திரியங்களையும் சோதிக்கிறவர் என்று 7ஆம் சங்கீதம் சொல்லுகிறது. 26ஆம் சங்கீதத்தில் தாவீது அவ்விரண்டையும் புடமிட்டுப் பார்க்கும்படி தானே முன்வந்து கேட்கிறார். எரேமியாவில் இந்த இணை மூன்று இடங்களில் வரும்: 11, 17, 20 ஆகிய அதிகாரங்கள். வெளிப்படுத்தல் 2ஆம் அதிகாரத்தில் தியத்தீரா சபைக்கு எழுதப்படும் நிருபத்திலும் வரும்.

உள்ளிந்திரியங்கள் என்று நம் பழைய மொழிபெயர்ப்பில் நீங்கள் வாசிக்கிற சொல்லுக்கு எபிரெயத்தில் 'கெலாயோத்' என்று பெயர். அதன் நேரான பொருள் சிறுநீரகங்கள். இறையியல் கல்லூரியில் எபிரெய வகுப்பில் இதைக் கேட்டபோது நாங்கள் சிரித்தோம். லேவியராகமம் 3ஆம் அதிகாரத்தில் சமாதான பலியின் மிருகத்திலிருந்து பலிபீடத்தில் தகனிக்க எடுக்கும் குண்டிக்காய்களும் இதே சொல்தான். நம் ஊர்க் கறிக்கடையில் இன்றும் வழங்கும் பெயர். பலிபீடத்தில் வைக்கும்போது குண்டிக்காய் என்றும், மனிதனுடைய அந்தரங்கத்தைப் பேசும்போது உள்ளிந்திரியம் என்றும் மொழிபெயர்த்தவர்கள் மரியாதை கருதிப் பிரித்துவிட்டார்கள். வெளிப்படுத்தலின் கிரேக்கத்திலும் சிறுநீரகத்தைக் குறிக்கும் சொல்லே இருக்கிறது. எபிரெயர்கள் இருதயத்தைச் சிந்தனைக்கும் தீர்மானத்துக்கும் உரிய இடமாகக் கொண்டார்கள். அதைவிட ஆழத்தில், கொழுப்புக்குள் புதைந்து, கைக்கு எட்டாமல் இருக்கிற சிறுநீரகத்தை மனிதன் தனக்கும் மறைத்து வைக்கிற காரியங்களுக்கு உரிய இடமாகக் கொண்டார்கள். 16ஆம் சங்கீதத்தின்படி இரவு நேரங்களில் மனிதனுக்குப் புத்தி சொல்லுவதும் அதுதான்.

அன்று இரவு அது எனக்குப் புத்தி சொல்லிற்று. ஆனாலும் வெறுங்கையோடு போய்ச் சொல்ல எனக்குத் துணிவில்லை. காலையில் மருத்துவமனை வாசலில் இரண்டு இளநீர் சீவி வாங்கிக்கொண்டு போனேன்.

வார்டு வாசலிலேயே நர்ஸ் நிறுத்திவிட்டார். வயதில் என் மகளைப் போன்றவர். "ஐயா, இது அவருக்கு இப்ப விஷம் மாதிரி" என்றார். இளநீரில் பொட்டாசியம் மிகுதி. சிறுநீரகம் ஓய்ந்தவரின் இரத்தத்தில் அது வெளியேற வழியின்றித் தேங்கும். மிகுந்தால் இருதயத் துடிப்பையே குலைத்து நிறுத்திவிடும். அவருக்கு அன்று காலை பொட்டாசியம் 5.8. வழக்கமாக 5ஐத் தாண்டக் கூடாது. பிரியமானவர்களே, நோயாளியைப் பார்க்கப் போகும்போது இளநீரும் வாழைப்பழமும் ஆரஞ்சும் கொண்டுபோவது நம் அன்பின் வழக்கம். இருதயமும் சிறுநீரகமும் சோர்ந்தவரிடம் போகிறீர்களானால் தயவுசெய்து கேட்டுவிட்டுக் கொண்டுபோங்கள்.

இரண்டு இளநீரையும் கையில் வைத்துக்கொண்டே சிறுநீரக மருத்துவரிடம் மாத்திரைக் காரியத்தைச் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. எத்தனை நாள், ஒரு நாளைக்கு எத்தனை என்று கேட்டுக் கேஸ் ஷீட்டில் எழுதினார். "இது ஒன்றுதான் காரணம் என்று சொல்ல மாட்டேன். அவர் ஏற்கெனவே விளிம்பில் நின்றவர். ஆனால் ராத்திரியே சொல்லியிருக்கலாம், ஐயா" என்றார். பிறகு எனக்கு விளக்க ஒரு தாள் கேட்டார். என் சட்டைப் பையில் இருந்தது காணிக்கை உறை ஒன்றுதான். அதன் பின்புறத்தில் அவர் வரைந்த படம் இன்னும் என்னிடம் இருக்கிறது.

அவர் சொன்னதையும், பிறகு நான் வாசித்து அறிந்ததையும் என் வார்த்தையில் சொல்லுகிறேன். இரண்டு சிறுநீரகங்களும் சேர்ந்து உடலின் எடையில் ஒரு சதவீதம்கூட இல்லை. ஆனால் இருதயம் தள்ளுகிற இரத்தத்தில் ஐந்தில் ஒரு பங்குக்குக் குறையாமல் அவற்றுக்குப் போகிறது. ஒரு நாளில் ஏறக்குறைய 180 லிட்டர் நீரை வடிகட்டி, அதில் ஒன்றரை, இரண்டு லிட்டரை மட்டும் வெளியே விட்டு மற்றதைத் திரும்ப உடலுக்கே கொடுக்கின்றன. இருதயம் தளர்ந்தால் வரும் இரத்தம் குறைகிறது. இருதயம் தளர்ந்துவிட்டது என்று சிறுநீரகத்துக்குத் தெரிய வழியில்லை. உடலில் நீர் வற்றிவிட்டது, பஞ்சகாலம் வந்துவிட்டது என்று எண்ணிக்கொண்டு உப்பையும் நீரையும் சேமிக்கத் தொடங்குகிறது. ரெனின், ஆல்டோஸ்டீரோன் என்னும் சுரப்புகளெல்லாம் அந்தச் சேமிப்புக்கான ஆணைகள். சேமித்த நீர் தளர்ந்த இருதயத்தின்மேலேயே சுமையாக ஏறுகிறது. இருதயம் இன்னும் தளர்கிறது. சிறுநீரகம் இன்னும் சேமிக்கிறது.

நான் கொடுத்த மாத்திரை என்ன செய்தது? சிறுநீரகத்தின் வடிகட்டிகளுக்குள் நுழைகிற நுண்ணிய இரத்தக் குழாய்களைத் தளர்த்தித் திறந்து வைக்க உடல் ஒரு பொருளைச் சுரக்கிறது. நல்ல இருதயம் உள்ளவனுக்கு அது அவ்வளவு அவசியப்படாது. அண்ணாச்சியைப் போன்றவருக்கு அந்தப் பொருளை நம்பித்தான் சிறுநீரகம் ஓடுகிறது. வலி மாத்திரை அந்தச் சுரப்பை அடைத்துவிடும். கூடவே உப்பைத் தேக்கும். அவர் தினமும் சாப்பிடும் நீர் மாத்திரையின் வேலையையும் மழுக்கிவிடும். இபுபுரூஃபன் முதலிய மற்ற மாத்திரைகளும் இந்த வகையே. கடையில் சீட்டு இல்லாமல் கிடைக்கின்றன. நம் வீடுகளில் ஒவ்வொரு அலமாரியிலும் இருக்கின்றன.

இருதயமும் சிறுநீரகமும் இப்படி ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு விழுவதற்கு மருத்துவர்கள் ஒரு கூட்டுப் பெயர் வைத்திருக்கிறார்கள். 2008இல் இத்தாலியரான கிளாடியோ ரொன்கோ என்னும் சிறுநீரக மருத்துவரும் அவருடைய கூட்டாளிகளும் இதை ஐந்து வகையாகப் பிரித்தார்கள். எது முதலில் விழுந்தது, திடீரென்றா மெல்ல மெல்லவா, அல்லது இரத்தத்தில் கிருமி பரவியது போன்ற வேறொரு வியாதி இரண்டையும் சேர்த்து அடித்ததா என்பதுதான் பிரிவின் அடிப்படை. காரியம் புதியதன்று. 1836இலேயே லண்டன் கய்ஸ் மருத்துவமனையின் ரிச்சர்ட் பிரைட், சிறுநீரகம் கெட்டு இறந்தவர்களின் இருதயமும் மாறியிருந்ததைக் கண்டு எழுதியிருக்கிறார். இருதயத் தளர்ச்சியோடு மருத்துவமனையில் சேர்கிறவர்களில் நாலில் ஒருவருக்காவது அங்கே இருக்கும்போதே சிறுநீரகமும் மோசமாகிறது என்று மருத்துவர் சொன்னார்.

வார்டில் அடுத்த நாட்களில் நடந்ததற்கு வருகிறேன். உறவினர்கள் திரண்டு வந்தார்கள். "தண்ணி குடுக்காம போட்டா கிட்னி போகத்தானே செய்யும்" என்று ஒரு பெரியவர் எல்லாரும் கேட்கச் சொன்னார். உண்மையைச் சொன்னால் எனக்கும் அதுவே நியாயமாகப் பட்டது. ஒருபுறம் சிறுநீரகத்துக்கு இரத்தம் போதவில்லை என்கிறார்கள். மறுபுறம் ஊசி மேல் ஊசி போட்டு நீரை வெளியேற்றுகிறார்கள். குடிக்க நாளுக்கு ஒரு லிட்டர்தான் என்கிறார்கள். இருதய மருத்துவர் நீர் இறங்க வேண்டும் என்றார். சிறுநீரக மருத்துவர் மெல்லப் போகலாம் என்றார். இரண்டு மருத்துவர்களும் வேறு வேறாகப் பேசுகிறார்கள் என்று வீட்டார் கலங்கினார்கள்.

நாம் தாமிரபரணிக் கரைக்காரர்கள், நமக்கு இது விளங்கும். வாய்க்காலில் தண்ணீர் வராமல் வயல் காய்வது உண்டு. வடிகால் அடைபட்டு, வந்த தண்ணீர் போக வழியின்றி, நின்ற நீரில் பயிர் அழுகுவதும் உண்டு. சிறுநீரகத்துக்கும் அப்படியே. உள்ளே வரும் இரத்தம் குறைந்தாலும் அது வாடும். வெளியே போகும் சிரைகளில் இரத்தம் தேங்கி அழுத்தினாலும் அது திணறும். 2009இல் அமெரிக்காவின் கிளீவ்லாந்து கிளினிக்கில் இருதயம் மிகத் தளர்ந்த 145 நோயாளிகளை ஆராய்ந்தார்கள். சிறுநீரகம் கெட்டவர்களை மற்றவர்களிடமிருந்து பிரித்துக் காட்டியது, இருதயம் தள்ளிய இரத்தத்தின் அளவைவிட, சிரைகளில் தேங்கிய அழுத்தமே. கழுத்து நரம்பு புடைத்து, கால் வீங்கி, வயிறு உப்பிக் கிடந்த அண்ணாச்சிக்கு வேண்டியிருந்தது வடிகாலைத் திறப்பது.

நாலாம் நாள் கிரியாட்டினின் 2.9 என்று வந்தது. சேர்க்கும்போது 2.1. சென்னையிலிருந்து வந்திருந்த மகள் அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு அழுதார். "ஐயா, இருதயத்தைப் பாக்கேன்னு கிட்னியைக் கொல்றாங்க. வேற ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிரலாமா? நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க" என்றார். மெஷின் வைத்து நீரை இழுத்துவிடலாமே என்று மருமகன் கேட்டார். எல்லாரும் என் முகத்தைப் பார்த்தார்கள். நான் ஒரு வார்த்தை சொன்னால் அந்தக் குடும்பம் அதன்படி செய்திருக்கும். போகலாம் என்று சொல்ல எனக்கு ஆசையாகவும் இருந்தது. இடம் மாறினால் அந்தக் கேஸ் ஷீட்டும் அதில் எழுதியிருக்கும் மாத்திரைக் கணக்கும் பின்னே தங்கிவிடும் என்று என் உள்ளிந்திரியங்கள் எண்ணியதையும் ஒளிக்காமல் எழுதுகிறேன்.

மருத்துவரிடமே கேட்போம் என்றேன். அவர் அந்த மகளைக் கட்டிலின் அருகே அழைத்துக்கொண்டு போனார். "தாளைக் கொஞ்சம் கீழே வையுங்கம்மா. அப்பாவுடைய கணுக்காலைப் பாருங்கள். நேற்று அழுத்தினால் எவ்வளவு குழி விழுந்தது, இன்று எவ்வளவு?" என்றார். நீர் சரியாக இறங்கிக்கொண்டிருக்கும்போது கிரியாட்டினின் கொஞ்சம் ஏறுவது எப்போதும் கேடாக முடிவதில்லை என்றும், அதைக் கண்டு பயந்து மருந்தை நிறுத்தினால் நீரோடு வீட்டுக்குப் போகிறவர் நீரோடேயே திரும்பி வருவார் என்றும் விளக்கினார். மெஷினைப் பற்றியும் சொன்னார். 2012இல் இப்படிப்பட்ட 188 நோயாளிகளிடம் மெஷினால் நீரை இழுப்பதையும் மருந்தைப் படிப்படியாக உயர்த்துவதையும் ஒப்பிட்டார்களாம். இரண்டிலும் எடை ஒரே அளவு குறைந்தது; மெஷின் வைத்தவர்களுக்குச் சிறுநீரகம் அதிகம் கெட்டது. மருந்துக்கு மசியாவிட்டால் அப்போது டயாலிசிஸ் பற்றிப் பேசலாம் என்றார். அன்று மாலை லேசிக்ஸ் அளவை உயர்த்தினார்கள். வேறொரு மாத்திரையும் சேர்த்தார்கள்.

அன்று இரவுக்கு நான் காவல் இருந்தேன். அம்மாவை வற்புறுத்தி வீட்டுக்கு அனுப்பியிருந்தோம். பதினொரு மணி இருக்கும். "ஐயா, ஒரு மடக்கு தண்ணி. நாக்கு ஒட்டுது" என்றார். அன்றைய ஒரு லிட்டர் ஒன்பது மணிக்கே தீர்ந்திருந்தது. ஒரு கலசம் தண்ணீரின் பலனைப் பற்றி மத்தேயு 10ஆம் அதிகாரத்திலிருந்து எத்தனை முறை உங்களுக்குப் பிரசங்கித்திருக்கிறேன்! கைக்கெட்டும் தூரத்தில் தண்ணீர் இருந்தது. பஞ்சை நனைத்துப் பிழிந்து அவர் உதட்டைத் துடைத்தேன். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை துடைத்தேன். அவர் என்னைத் திட்டினார். கோயில் மணியை முப்பது வருஷம் அடித்தவனுக்கு ஒரு தம்ளர் தண்ணி இல்லையா என்றார். மூன்று மணிக்குமேல் சிறுநீர்ப் பை நிறையத் தொடங்கியது. விடிவதற்குள் நர்ஸ் இரண்டு முறை காலி செய்து அளந்து எழுதினார். ஆறு மணிக்கு அவர் சாய்ந்த தலையணையைத் தள்ளச் சொல்லி, மல்லாந்து படுத்துத் தூங்கினார். மல்லாந்து படுத்து இரண்டு வாரம் ஆகியிருந்தது.

ஒன்பதாம் நாள் அவரிடம் சொன்னேன். மாத்திரையைக் கொடுத்ததை அவர் அறிவார். முதல் இரவு நான் மௌனமாக நின்றதைச் சொன்னேன். சற்று நேரம் மேலே மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். "நானும் அப்ப பேச முடியாமத்தானே கெடந்தேன் ஐயா. உங்களைத்தான் பாத்துக்கிட்டே இருந்தேன்" என்றார். குற்றம் சாட்டினாரா, தேற்றினாரா என்று அப்போது எனக்குத் தெரியவில்லை. கேட்க மனம் வரவில்லை. பிறகு என் கையைப் பிடித்து, "ஜெபம் பண்ணுங்க" என்றார். எனக்கு வார்த்தை வரவில்லை. அவர்தான் ஜெபித்தார்.

அம்மாவிடமும் அன்றே சொன்னேன். அவர் ஒன்றும் பதில் சொல்லவில்லை. அதன்பின் நான் வார்டுக்குள் வந்தால் எழுந்து வெளியே போய்விடுவார். அது அவருடைய உரிமை என்று எண்ணினேன்.

சேர்க்கும்போது 71 கிலோ இருந்தவர் வீடு திரும்பும்போது 61.5. கிரியாட்டினின் 1.8க்கு இறங்கியிருந்தது, பழைய 1.5க்கு அது திரும்பவில்லை, திரும்பாமலும் போகலாம். இருதயம் சுருங்கித் தள்ளும் திறன் எக்கோவில் 30 சதவீதம். வாலிபர் சங்கத்தார் ஒரு எடை இயந்திரம் வாங்கிக் கொடுத்தீர்கள். அதைவிடப் பயனுள்ள பரிசு வேறில்லை. காலையில் சிறுநீர் கழித்தபின், சாப்பிடுமுன் ஏறி நிற்கிறார். ஓரிரு நாளில் ஒரு கிலோவுக்குமேல் கூடினால் மருத்துவரை அழைக்க வேண்டும். ஊறுகாய், அப்பளம், கருவாடு மூன்றும் வீட்டைவிட்டுப் போய்விட்டன. என் மேசையிலும் இப்போது மாத்திரை அட்டை இல்லை.

மணியை இப்போது ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன் அடிக்கிறான். வேகம் அதிகம் என்று அண்ணாச்சி குறைபடுகிறார். அவர் உட்கார மூன்றாம் வரிசையில் மின்விசிறிக்குக் கீழே இடம் ஒதுக்கியிருக்கிறோம். அந்த இடத்தை விட்டுக்கொடுத்த குடும்பத்தாருக்கு நன்றி.

கடந்த ஞாயிறு திருவிருந்து. இருவரும் ஒன்றாக முன்னே வந்தார்கள். நான் சின்னக் கிண்ணத்தை நீட்டியபோது அவர் தாழ்ந்த குரலில், "ஐயா, இது எத்தனை மில்லி?" என்றார்.

"பதினைந்து இருக்கும், அண்ணாச்சி."

ஆராதனை முடிந்து வாசலில் கைகொடுக்க நின்றேன். அம்மா தம் பையிலிருந்து நீளமான கணக்கு நோட்டை எடுத்து, சுவரில் வைத்து, காலைக் காப்பிக்குக் கீழே பதினைந்து என்று எழுதினார். எழுதிவிட்டு நிமிர்ந்து, "சரியா, ஐயா?" என்று என்னிடம் கேட்டார்.